முதல் தளத்தருகே ஈர மண்

எங்கள் அணியில் வேகமாக ஓடுகிறவன் யாரும் கிடையாது. அப்படி ஒருவன் ஊரில் முளைத்தால் அடுத்த பருவத்துக்குள் பெரிய ஊர் அணி கொத்திக்கொண்டு போய்விடும். மிச்சம் இருந்தவர்களை வைத்துத்தான் பேஸ்பால் ஆடினோம். பந்தெறிய நாற்பத்தொரு வயது எவாரிஸ்தோ, பின்னால் குந்திப் பிடிக்க ரொட்டிக்கடைக்காரர்.

ஆனால் எங்களிடம் மைதானம் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்பவன் நான். எவாரிஸ்தோ தாழ்வாக எறிவார், அடிபட்ட பந்து தரையோடு உருளும். அது சீக்கிரம் அடங்கட்டும் என்று புல்லைக் கணுக்கால் உயரம் வளர்ப்பேன். எதிரணிக்காரன் முதல் தளத்தில் நின்று, எறிபவர் கை தூக்கியதும் இரண்டாம் தளத்துக்குப் பறப்பான். அதைத் திருட்டு என்போம். அவன் கால் உந்தும் இடத்தில் முந்தின நாளே மூன்று டிரம் தண்ணீர் விடுவேன். காலையில் மேலே காய்ந்த மண் தூவிவிட்டால் நடுவர் மிதித்தாலும் தெரியாது. வேகமாக உந்தினால் மட்டும் கால் உள்ளே போகும். எங்கள் ஆட்கள் திருடுவதே இல்லை. அதனால் அந்த ஈரம் எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை.

அப்படியும் கடைசி ஆட்டத்துக்கு வரும்போது பட்டியலின் அடியில் கிடந்தோம். தோற்றால் லீக்கிலிருந்து வெளியே. அணி போனால் நகராட்சி மைதானத்துக்கு ஆள் வைக்காது. நான் மறுபடி கரும்பு வெட்டத்தான் போகவேண்டும். என் இரத்தத்தில் சிறுநீரகப் பழுதைக் காட்டும் அந்த எண் இரண்டைத் தாண்டிவிட்டது. இன்னும் இரண்டு அறுவடை வெயிலில் நின்றால் சிறுநீரகம் நின்றுவிடும் என்று சுகாதார நிலையத்தில் சொல்லியிருந்தார்கள். எங்கள் தெருவில் அந்த எண் தெரியாதவர்கள் இல்லை.

அந்த ஒரு ஆட்டத்துக்காக மேலாளர் தோன் ரொசெந்தோ வடக்கிலிருந்து யாதர் என்றொருவனை வரவழைத்தார். இருபது வயது, மான் கால். காலைப் பேருந்தில் இறங்கி, வாசலில் வாழையிலையில் பொதிந்து அவித்த சோளமாவு நாகதமால் இரண்டு வாங்கித் தின்றுகொண்டே மைதானத்தைப் பார்த்தான்.

"என்ன மாமா, இங்க மாடு மேய்க்கிறீங்களா? புல்லு இவ்ளோ வளந்து கெடக்கு!"

"மேய வந்தவன் நீதான். தின்னுட்டுப் போய்ச் சட்டைய மாத்து" என்றேன்.

அவன் போனதும் தோன் ரொசெந்தோ என் தோளைப் பிடித்தார். "லியோன்சியோ, ஈரத்தப் பத்தி அவன்கிட்ட மூச்சு விடாத. அடுத்த வருசம் எந்த அணிச் சட்டையப் போடுவானோ, யாரு கண்டா."

"ஓடி விழுந்துட்டான்னா, தோன்?"

"நம்ம ஆளு எப்பய்யா திருடியிருக்கான், விழறதுக்கு?"

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அதுமட்டுமல்ல, முந்தின நாள் பயத்தில் மூன்று டிரம்முக்குப் பதில் ஐந்து விட்டிருந்தேன். அதையும் சொல்லவில்லை.

ஆட்டம் நாங்கள் நினைத்தபடியே போனது. எவாரிஸ்தோ கை வலிக்க வலிக்க எறிந்தார், பந்துகள் புல்லில் செத்தன. அவர்களில் இரண்டு பேர் திருடப் பார்த்து என் மண்ணில் தடுமாறி அவுட் ஆனார்கள். கூட்டம் ஆர்ப்பரித்தது. எங்கள் மட்டையும் எழும்பவில்லை என்பதுதான் வினை. கடைசிச் சுற்றான ஒன்பதாவதில் இரண்டுக்கு ஒன்று என்று பின்தங்கி நின்றோம். எங்களில் இரண்டு பேர் அவுட்; மூன்றாமவரும் போனால் ஆட்டம் முடிந்தது. ரொட்டிக்கடைக்காரர் எப்படியோ ஒன்றைத் தட்டிவிட்டு மூச்சிரைக்க முதல் தளம் சேர்ந்தார்.

"இவரு அடுத்த தளம் போறதுக்குள்ள பொழுது சாஞ்சிரும்" என்று பின்னால் ஒருத்தி கத்தினாள். தோன் ரொசெந்தோ அவரை வெளியே அழைத்து, அதுவரை வெளியே உட்கார்ந்திருந்த யாதரை அவர் இடத்தில் ஓட நிறுத்தினார். அவன் இரண்டாம் தளத்துக்குப் போய்விட்டால் ஒரு சின்ன அடியிலேயே சமன் செய்துவிடலாம்.

அப்போது தோன் ரொசெந்தோவின் கை தொப்பி விளிம்பைத் தொட்டு முழங்கையைத் தொட்டது. திருடு என்ற சைகை, பன்னிரண்டு வருடமாக அவர் கொடுக்காதது. வேகமான கால் ஒன்றைக் கண்டதும் காலையில் பேசியதை மனுஷன் மறந்துவிட்டார்.

"டேய் யாதர்! ஓரமா, ஓரமா ஓடுடா!" வேலிக் கம்பியைப் பிடித்துக் கத்தினேன். என் தலைக்கு மேலேயே வாத்தியக்காரர்கள் ஊதிக்கொண்டிருந்தார்கள். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

எறிபவன் கை தூக்கினான். யாதர் உந்தினான். வலது கால் கணுக்கால்வரை உள்ளே போயிற்று. மார்பு அடிபட விழுந்து, எழுந்து, மறுபடி வழுக்கினான். அவன் பாதி தூரம் போவதற்குள் பந்து இரண்டாம் தளத்தில் காத்திருந்தது.

வாத்தியம் ஒவ்வொன்றாக நின்றது. சேற்றோடு என் பக்கம் வந்தவன் கேட்டான்: "மழையே பெய்யலையே மாமா, எப்படி?"

தோன் ரொசெந்தோ ஷூவின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நான்தான் தண்ணி விட்டேன்" என்றேன்.

"எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே." அவ்வளவுதான் சொன்னான். பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று சேற்றுச் சட்டையோடே போய்விட்டான்.

நவம்பரில் அறுவடை தொடங்கியது. என் இரத்தத்தைப் பார்த்தால் ஆலையில் எடுக்கமாட்டார்கள் என்பதால், கங்காணி எனக்கு வேறொருவனுடைய அடையாள அட்டையைக் கொடுத்திருக்கிறான். விடிகாலையில் வண்டியில் ஏறும்போது பெயர் வாசிப்பான். "மார்வின்" என்று கூப்பிட்டால் நான் கை தூக்கவேண்டும். முதல் இரண்டு நாள் மறந்துபோனேன். இப்போது மறப்பதில்லை.