கட்டைவிரல் பதிந்த பலகை

என் தங்கை வீட்டுக் கூடத்தில், டிவிக்கு மேலே ஒரு பாதிப் பலகை தொங்குகிறது. கடல் அலையில் நின்றபடி சறுக்கிக்கொண்டு வருகிற பலகை, அதன் பின்பாதி. முன்பாதி கடலோடு போய் முப்பத்து மூன்று வருஷம் ஆகிறது. புதிதாக யார் வந்தாலும் அது என்னவென்று கேட்பார்கள். தங்கையும் சலிக்காமல் சொல்வாள்.

"அதுவா, எங்க வீட்டுக்காரர் ஒட்டின லட்சணம்."

வீட்டுக்காரர் எனக்கு மாப்பிள்ளை ஆவதற்குப் பத்து வருஷம் முன்பே சிநேகிதன். அதனால் இன்றுவரை வாடா போடாதான். அந்த வீட்டில் கோப்பையின் காது உடைந்தாலும் செருப்பு வார் அறுந்தாலும், "அவர்கிட்ட மட்டும் குடுத்துடாதீங்க" என்று ஒரு குரல் வரும். எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது எங்களுக்கு இருபத்தைந்து வயது. அவன் தன் வீட்டுக் கொல்லையில் இரண்டு மாதம் தேய்த்துத் தேய்த்து அந்தப் பலகையைச் செய்திருந்தான். கரையோரமாகவே அறுநூறு கிலோமீட்டர் தெற்கே போனால் ஒரு கலங்கரை விளக்கம். அதன் பக்கத்தில் பலகை செய்கிற பட்டறை ஒன்று. "நீ செய்ததைக் கொண்டு வா. கையைப் பார்த்துவிட்டு வேலை தருகிறேன்" என்று பட்டறைக்காரர் கடிதம் போட்டிருந்தார். ஒன்பதடிப் பலகையை எந்த பஸ்காரனும் ஏற்ற மாட்டேன் என்றான். சரி, சைக்கிளில் போவோம் என்றான் இவன். எனக்கும் வேலை வெட்டி எதுவும் இல்லை. கூடவே கிளம்பிவிட்டேன்.

குழந்தைகளைத் தள்ளிக்கொண்டு போகிற வண்டியின் சக்கரங்கள் இரண்டைக் கழற்றி ஓர் இழுவண்டி செய்தோம். பழைய ட்யூபைக் கீறிப் பலகையை அதில் கட்டினோம். பலகை ஒன்று, ஆள் இரண்டு. அதனால் ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். இன்றைக்கு எவன் வண்டி இழுக்கிறானோ அவனுக்கு நாளைக் காலையில் முதல் அலை. இழுப்பது லேசான வேலை இல்லை. எதிர்காற்று அடித்தால் பலகை நம்மைப் பின்னால் இழுக்கும், பக்கக்காற்று அடித்தால் சாலைக்கு வெளியே தள்ளும். முதல் அலை ஒன்றுதான் அதற்குக் கூலி.

கடல் உள்வாங்கும் நேரம் பார்த்து ஈர மணலில் ஓட்டுவோம். அது சிமெண்டுத் தரை மாதிரி இறுகிக் கிடக்கும். உள்வாங்கும் நேரம் தினமும் முக்கால் மணி, ஒரு மணி தள்ளிப் போகும். அதனால் எங்கள் சாப்பாடு, தூக்கம் எல்லாமே தினம் ஒரு மணி நேரம் தள்ளிப் போயிற்று. உப்பில் செயின் துருப்பிடித்துக் கிறீச்சிடும். டீக்கடையில் பஜ்ஜி சுட்ட எண்ணெயைக் கேட்டு வாங்கி அதில் விடுவோம். அப்புறம் வழியெல்லாம் எங்களுக்குப் பஜ்ஜி வாசனைதான். மதியம் எந்த மர நிழல் கிடைத்தாலும் படுப்போம். இவன் வாயைத் திறந்துகொண்டு தூங்குவான். அந்தப் பதினேழு நாளில் இருந்த மாதிரி நான் அதற்குப் பிறகு சந்தோஷமாக இருந்ததில்லை. கல்யாணம், பிள்ளைகள், மூக்குக்கண்ணாடிக் கடை எல்லாமே நல்லபடியாகத்தான் அமைந்தன. ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன்.

பதினாறாம் நாள் வண்டி இழுத்தது அவன். ஒரு திருப்பத்தில் இழுவண்டி குடை சாய்ந்து, பலகையின் நடுவில் விரல் ஆழத்துக்குக் கல் குத்திவிட்டது. கலங்கரை விளக்கத்துக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டர். அவன் அலட்டிக்கொள்ளவில்லை. ஒரு ஐஸ் கம்பெனியின் பின்பக்கச் சாய்ப்பில் இடம் கேட்டு வாங்கினான். ஓட்டையைச் சுற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கையோடு கொண்டுவந்திருந்த ஃபைபர் துணியை வெட்டி வைத்து, ரெசின் பசையைக் கலந்து பூசினான். பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்துவிட்டது.

"ஈரக் காத்தா இருக்கு. மெதுவாத்தான் இறுகும்," என்றான். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் தண்ணி படக் கூடாது. மறந்துடாத."

மறக்கவில்லை. விடியும்போது எனக்கு விழிப்புத் தட்டியது. காற்றே இல்லை. எதிரே பாறை முனையைச் சுற்றிக்கொண்டு அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல், நீளமாக வந்துகொண்டிருந்தன. அந்தப் பதினாறு நாளில் அப்படி ஒன்றை நாங்கள் பார்க்கவே இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். சும்மா ஒன்றே ஒன்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பலகையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

மூன்று அலை ஏறினேன். மூன்றாவதில் பாறை முனையிலிருந்து கரை மணல்வரை நின்றபடியே வந்தேன். என் ஆயுளில் அதுதான் பெரிய அலை. முப்பத்து மூன்று வருஷமாக அதைப் பற்றி ஒருத்தரிடமும் நான் வாய் திறந்ததில்லை.

கரையில் வந்து பார்த்தால் ஒட்டின் ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தேன். படிந்தது. பலகையைத் துடைத்து, இருந்த இடத்தில் இருந்த மாதிரியே வைத்தேன். பிறகு போய் இரண்டு டீ வாங்கி வந்து அவனை எழுப்பினேன். அவ்வளவு நல்லவன் நான்.

மதியம் அவன் ஒட்டைத் தடவிப் பார்த்தான். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"இங்க ஒரு பள்ளம் இருக்கே. சரியாப் படிய வைக்கலையோ நான்?"

"நேத்து வெளிச்சம் கம்மிடா," என்றேன்.

அவனுடைய முதல் அலை நன்றாகத்தான் போயிற்று. இரண்டாவதில் பலகை அந்த ஒட்டோடு இரண்டாக முறிந்தது. உள்ளே தண்ணீர் குடித்திருந்தது. பின்பாதியை அணைத்துக்கொண்டு கரையேறினான். நாற்பது கிலோமீட்டர்தான், வா, அவரிடம் நடந்ததைச் சொல்லுவோம் என்றேன். "இந்தக் கையை வெச்சுக்கிட்டு என்னத்தைக் காட்டறது?" என்றான். நான் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். இழுவண்டியின் சக்கரங்களைக் கழற்ற ஆரம்பித்தேன். பாதிப் பலகையைப் பஸ்காரன் மறுபேச்சுப் பேசாமல் ஏற்றிக்கொண்டான்.

ஊருக்கு வந்ததும் மின்சார ஆபீசில் மீட்டர் பார்க்கிற வேலையில் சேர்ந்தான். என் தங்கையைக் கட்டினான். முப்பது வருஷத்துக்கு மேல் ஊரிலுள்ள மீட்டரை எல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போன மாதம் ஓய்வு பெற்றான்.

போன மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். பின்பக்கம் புதிதாக ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ரெசின் டப்பா, துணிச் சுருள், பிரிக்காத நுரைக் கட்டை எல்லாம் இருந்தன. அவன் அவற்றைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான்.

"எங்கடா போகுது இந்தப் பொட்டலம்?"

"கடையிலயே திருப்பிக் குடுத்துடறேன். ஒரு ஒட்டு ஒழுங்கா ஒட்டத் தெரியாதவன் முழுப் பலகை செய்யறானாம். ஊர் சிரிக்கும்."

"ஊர் எதுக்கு, நானே சிரிப்பேன்," என்று உள்ளேயிருந்து தங்கை சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொன்னால் எனக்கிருக்கிற ஒரே சிநேகிதனும் போவான், தங்கை வீட்டுப் படியும் ஏற முடியாது. தெரிந்துதான் கூடத்துக்குப் போனேன். பாதிப் பலகையைக் கழற்றி எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தேன். முறிந்த ஓரத்தில் அந்தப் பள்ளம் அப்படியே இருந்தது. என் கட்டைவிரலை அதில் வைத்தேன். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

"இது உன் கை வேலை இல்லடா. என்னுது. நீ தூங்கும்போது எடுத்துட்டுப் போனேன்."

அவன் என் விரலை எடுத்துவிட்டுத் தன்னுடையதை வைத்துப் பார்த்தான். அவன் விரல் தடி. பள்ளத்துக்குள் போகவில்லை. திரும்பவும் வைத்துப் பார்த்தான்.

"எத்தனை அலை?"

"மூணு."

"நல்லா இருந்துச்சா?"

இதிலாவது பொய் சொல்லாமல் இருப்போம் என்று, "அந்த மாதிரி ஒண்ணு அப்புறம் கெடைக்கவே இல்ல," என்றேன்.

பாதிப் பலகையைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டான்.

"நேத்து இழுத்தது நான்டா," என்றான். முப்பத்து மூன்று வருஷத்துக்கு முந்தைய நேற்று. "அது என்னோட அலை."

தங்கை வந்து, நான் பாதி குடித்திருந்த டீயை எடுத்துக்கொண்டு போனாள். எழுந்து வந்துவிட்டேன்.

மூன்று வாரம் போன் இல்லை. கடையில் எனக்குக் கை ஓடவில்லை. ஒருவருடைய கண்ணாடியை இன்னொருவரிடம் கொடுத்து அனுப்பினேன். நேற்றுதான் தங்கை கூப்பிட்டாள். "காலைல வரச் சொல்றார்," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

இன்று விடிந்ததும் போனேன். கொட்டகையில் ஒன்பதடிப் பலகை ஒன்று பளபளவென்று கிடந்தது. ஓரத்து வளைவில் ஒரு கோணல் இல்லை. ரெசின் பூசிய ஈரம் இன்னும் காயவில்லை.

"அண்ணனைப் பக்கத்துல விடாதீங்க," என்றாள் தங்கை. இனி இதுதான் இந்த வீட்டுப் பேச்சு என்று புரிந்தது. எனக்கு அதில் வருத்தம் இல்லை.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. ஒரு ஸ்டூலைப் பலகைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டான். "மத்தியானம் வரைக்கும் தொடக் கூடாது. நீதான் காவல்."

உட்கார்ந்தேன். மூலையில் அந்தப் பழைய சக்கரங்கள் இரண்டும் எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்கப்பட்டிருந்தன.

"எங்கடா?" என்றேன்.

"பட்டறைக்கு. பட்டறைக்காரர் இருந்தா அவர்கிட்ட காட்டுவேன். இல்லன்னா அந்தக் கலங்கரை விளக்குகிட்ட காட்டிட்டு வருவேன். அறுநூறு கிலோமீட்டரும் நீதான் இழுக்கற."

"சரி. முதல் அலை?"

"தினமும் எனக்கு."

"சட்டப்படி இழுத்தவனுக்குத்தானடா?"

"சட்டத்தைப் பத்தி நீ பேசாத," என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போனான்.

காற்றே இல்லை. நல்ல அலை அடிக்கிற சத்தம் கொட்டகைவரை கேட்டது. இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.