பகலில் தூங்கியவள்

சவச்சாலையில் சோய் ஹா துக்கத்துக்குக் கட்டும் சணல் கயிற்றை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது, சடங்குக்காரர் பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, அம்மாவின் உயிர் எத்தனை மணிக்குப் போனது என்று கேட்டார். தேதியை எழுதிவிட்டார், நேரம்தான் பாக்கி. பகல் பதினொன்றிலிருந்து ஒன்று வரை குதிரை வேளை, ஒன்றிலிருந்து மூன்று வரை ஆட்டு வேளை. எந்த வேளையில் போனாள் என்று தெரிந்தால்தான், பெட்டியை மூடும்போது எந்த வருஷத்தில் பிறந்தவர்கள் முதுகைக் காட்டி நிற்க வேண்டும் என்று அவர் கணக்குப் போட முடியும்.

தம்பி கின் ஃபாய்தான் பதில் சொன்னான். மாலை ஐந்து மணிக்கு அம்மா இறந்து கிடந்ததைப் பார்த்தவன் அவன். பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது.

"அக்கா ஒண்ணு பத்துக்கு சூப் கொண்டு போயிருக்கா. அப்பவே உள்ள சத்தமில்ல. அதுக்கு முன்னாடியே போயிருக்கணும். இல்லக்கா?"

சடங்குக்காரர் பேனாவோடு அவளைப் பார்த்தார். சோய் ஹா ஏற்கெனவே இறுகியிருந்த முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள்.

"ஆமா. சத்தமில்ல," என்றாள்.

அது பொய்.

"அப்ப குதிரை வேளை," என்று எழுதிக்கொண்டார் அவர். "எலி வருஷத்துல பொறந்தவங்க யாராவது இருக்கீங்களா?"

கின் ஃபாய் கையைத் தூக்கினான். பெட்டி மூடும் சமயத்தில் நீ பார்க்கக் கூடாது, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொள் என்று அவர் சொன்னார். ஆட்டு வேளை என்றால் எருது வருஷத்துக்காரர்கள் திரும்ப வேண்டும், குதிரை வேளைக்கு எலிதான் ஆகாது. கின் ஃபாய் தலையாட்டினான். நாற்பது வயது ஆண்பிள்ளை, சூதாட்ட மேஜையில் இருபது வருஷமாகச் சீட்டுப் போடுகிறவன், முகத்தில் எதையும் காட்டாமலிருப்பதுதான் அவன் தொழில். ஆனாலும் அக்காவுக்குத் தெரிந்தது. கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அவன் அந்த நேரத்துக்காகத்தான் காத்திருந்தான். எருது வருஷத்துக்காரர் அந்தக் குடும்பத்தில் ஒருவர்கூட இல்லை.

அம்மா லியோங் சாவ் குவானுக்கு அறுபத்தாறு வயது. சாகிற வாரம் வரைக்கும் வேலைக்குப் போனாள். படகுத்துறைக்குப் பக்கத்தில், சூதாட்ட விடுதி ஒன்றின் பின்கட்டில் இருந்தது அவள் வேலை பார்த்த இடம். நீராவிக் குளியல் என்று பெயர்ப்பலகை. உள்ளே நீராவியும் உண்டு, இல்லாமல் இல்லை. ஹாங்காங்கிலிருந்து படகேறி வந்தவர்கள், எல்லைக் கதவு வழியாக வந்தவர்கள், ஜப்பானியர்கள், கொரியர்கள். ஜெயித்தவன் கொண்டாட வருவான், தோற்றவன் ஆறுதலுக்கு வருவான். இரண்டு பேருக்கும் அம்மா ஒரே சிரிப்பைத்தான் சிரிப்பாள். பெண்களை வரிசையாக வரவழைத்து நிற்க வைப்பாள், ஒவ்வொருத்திக்கும் ஓர் எண் வில்லை. வந்தவன் கண் எங்கே நிற்கிறது என்று பார்த்து எண்ணைச் சொல்வாள். இருபத்து மூன்று வயதில் ஜோங்ஷானிலிருந்து வந்த புதிதில் அவளும் அந்த வரிசையில் நின்றவள்தான். அங்கே வேலை செய்த வியட்நாம், மங்கோலியப் பெண்கள் நாற்பது பேருக்கும் அவள்தான் அம்மா. அப்படித்தான் கூப்பிடுவார்கள். சோய் ஹாவுக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அம்மா காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வருவாள். நூடுல்ஸ் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு எட்டு மணிக்கு அறைக் கதவைச் சாத்தினால், நடுவில் ஒருமுறை தண்ணீர் குடிக்க வந்தால் உண்டு, மற்றபடி மாலை ஐந்துக்குத்தான் திறக்கும். அந்த ஒன்பது மணி நேரம் பிள்ளைகள் வீட்டில் திருடர்களாக நடமாடினார்கள். தொலைபேசியைத் துண்டில் சுற்றி வைப்பார்கள். குழாயை நூலாகத் திறப்பார்கள். தொலைக்காட்சியில் சத்தத்தை அடைத்துவிட்டு, யார் என்ன பேசுகிறார்கள் என்பதை அக்காவும் தம்பியும் தாங்களே காதோடு காதாகச் சொல்லிக்கொள்வார்கள். தவறிப்போய் ஏதாவது விழுந்தால் உள்ளேயிருந்து கட்டில் பலகையில் இரண்டு தட்டு கேட்கும். அம்மா கத்தினதில்லை, அடித்ததில்லை. அந்த இரண்டு தட்டுக்கே இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். வளர்ந்து, தனித்தனி வீடு போன பிறகும், பகலில் அங்கே போனால் பாதம் தானாகக் குதிகாலைத் தூக்கிக்கொள்ளும்.

கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் அம்மா என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டபோது, ராத்திரி ஷிஃப்ட் நர்ஸ் என்று சொன்னவள் சோய் ஹா. இப்போது அதே பள்ளியில் ஆசிரியை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளை உதவித் தலைமையாசிரியை ஆக்குகிறார்கள், குடும்பத்தாருக்கு முதல் வரிசையில் நாற்காலி. அம்மா மூன்று தடவை போன் செய்து எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கு நான் தூங்கவே போவதில்லை, வேலை முடிந்து குளித்துவிட்டு நேராக வந்துவிடுகிறேன் என்றாள். விழாவுக்கு வருகிற அப்பாக்களில் நான்கு பேருக்காவது அம்மாவைத் தெரிந்திருக்கும். அந்த நான்கு பேரும் தெரியாதவர்கள்போல் உட்கார்ந்திருப்பார்கள் என்பது சோய் ஹாவுக்குத் தெரியும். ஆனாலும் பயம்.

அதனால்தான் அன்று மதியம் தாமரைக்கிழங்கு சூப் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். அம்மா எழுந்து தண்ணீர் குடிக்க வருகிற நேரம் அது, வந்தால் சொல்லிவிடலாம், வராதே என்று. நல்லவிதமாகச் சொல்ல நான்கு வாக்கியங்கள் யோசித்து வைத்திருந்தாள். அறைக் கதவு சாத்தியிருந்தது. குடுவையை மேஜையில் வைக்கும்போது மூடி கழன்று தரையில் விழுந்து நன்றாக ஒலித்தது. உள்ளேயிருந்து இரண்டு தட்டு.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தட்டு வந்தது, மெதுவாக. ரொம்பக் கோபம்போல என்று நினைத்துக்கொண்டாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வாசல் கதவைப் பூனைக்கும் கேட்காமல் சாத்திவிட்டு வெளியே வந்தாள். லிஃப்டில் இறங்கும்போது அப்பாடா என்றிருந்தது. இன்றைக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அப்பாடாவைத்தான் மூன்று நாளாக அவளால் விழுங்க முடியவில்லை.

காலை ஏழரை மணிக்கு அம்மா வேலை பார்த்த இடத்துப் பெண்கள் வந்தார்கள். வேலை முடிந்து நேராக வந்திருந்தார்கள். கறுப்புக் கோட்டு, அவசரமாகத் துடைத்த முகம், காதோரத்தில் இன்னும் மினுமினுப்புத் தூள். மூன்று மூன்று பேராக அம்மாவின் படத்துக்கு முன்னால் போய் நின்று மூன்று தடவை குனிந்தார்கள். ஒவ்வொரு தடவையும் குடும்பத்தார் பதிலுக்குக் குனிய வேண்டும், அதுதான் முறை. யாருக்கெல்லாம் தலை குனியக் கூடாது என்று வாழ்நாள் முழுக்கப் பள்ளியில் நிமிர்ந்து நடந்தாளோ, அவர்கள் அத்தனை பேருக்கும் சோய் ஹா குனிந்து எழுந்தாள். குனியும்போதுதான் அவர்களுடைய கால்களைப் பார்த்தாள். நின்று நின்று கணுக்கால் வீங்கியிருந்தது. அம்மாவுக்கும் அப்படித்தான் இருக்கும்.

தியெப் என்கிற வியட்நாம் பெண், முப்பது வயதிருக்கும், போகாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இறந்தவருக்காக எரிக்கிற தங்கக் காகிதத்தை மடித்துக் கொடுக்க ஆரம்பித்தாள். பேச்சு வளர்க்க வேண்டாம் என்றுதான் சோய் ஹா நினைத்தாள். தியெப்புக்கு அது தெரியவில்லை.

"நாங்க ரூமுக்குள்ள இருக்கிறப்ப அம்மா வராண்டாவுல நடந்துக்கிட்டே இருப்பாங்க," என்றாள். "உள்ள சத்தம் கேட்டா கண்டுக்கவே மாட்டாங்க. சத்தமே இல்லன்னாத்தான் கதவத் தொறந்துருவாங்க. உள்ள எவ்வளவு பெரிய ஆளு இருந்தாலும் சரி."

சோய் ஹா ஏன் என்று கேட்டாள்.

"எனக்கு முன்னாடி ஒரு பொண்ணு இருந்தாளாம். ஒருத்தன் கழுத்தப் புடிச்சிருக்கான். வெளியில யாருக்கும் ஒண்ணும் கேக்கல. அதுலேருந்து அம்மா அப்படி ஆயிட்டாங்க. பல தடவ வேண்டாத நேரத்துல தொறந்துட்டு, நல்லா வசவு வாங்கிக்கிட்டு, சாரி சொல்லி மூடிட்டுப் போவாங்க. எங்களுக்குச் சிரிப்பு வரும். ஆனா பயம் இருக்காது."

காகிதத்தின் ஓரத்தை நகத்தால் நீவிவிட்டுத் தியெப் தொடர்ந்தாள். "தூக்கத்துலயே போயிட்டாங்களாமே. கொடுத்து வச்சவங்க."

சோய் ஹா கையிலிருந்த காகிதம் கோணலாக மடிந்திருந்தது. தியெப் அதை வாங்கிப் பிரித்துச் சரியாக மடித்து வைத்தாள். அந்தக் கணத்தில் சொல்லியிருக்கலாம். எதிரே கின் ஃபாய் ஊதுவத்திச் சாம்பலைத் தட்டிக்கொண்டிருந்தான். சடங்குக்காரர் பத்தடி தூரத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு வார்த்தை, ஆட்டு வேளை. அவ்வளவுதான். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

பெட்டியை மூடும் நேரம் வந்தது. எலி வருஷத்துக்காரர்கள் திரும்பிக்கொள்ளுங்கள் என்று சடங்குக்காரர் குரல் கொடுத்தார். கின் ஃபாய் திரும்பினான். கண்ணெதிரே வெறும் சுவர், அதில் தீயணைக்கும் கருவி மாட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆணி இறங்கும் ஒவ்வொரு அடிக்கும் அவன் தோள் துள்ளியது. மூடி இறங்குவதற்கு முன் சோய் ஹா அம்மாவின் முகத்தைப் பார்த்திருந்தாள். அவளுக்கு அந்த முகம் கிடைத்தது, அவனுக்குக் கிடைக்கவில்லை. ஒப்பனைக்காரர்கள் உதட்டுக்கு மென்மையான நிறம் போட்டிருந்தார்கள், அம்மா ஒரு நாளும் போடாத நிறம்.

கல்லறை கடலுக்கு அந்தப் பக்கம், தைப்பா தீவில். வண்டியில் பெட்டிக்குப் பக்கத்து இருக்கையில் அக்காவும் தம்பியும் மட்டும் உட்கார்ந்தார்கள். பெண்கள் பின்னால் பேருந்தில் வந்தார்கள், பாதிப் பேர் ஏறியதுமே தூங்கிப்போயிருப்பார்கள். முன்னிருக்கையில் சவச்சாலை ஊழியர், கையில் ஊதுவத்தி. வெயில் நன்றாக ஏறியிருந்தது.

"நான் போனப்ப அம்மா உசுரோட இருந்தா," என்றாள் சோய் ஹா.

கின் ஃபாய் திரும்பிப் பார்த்தான்.

"மூடிய கீழ போட்டுட்டேன். உள்ளேருந்து தட்டுனா. நான் வழக்கம்போல சத்தம் போடாம வந்துட்டேன்."

போக்குவரத்து விளக்கில் வண்டி நின்றது, மறுபடி கிளம்பியது. எதற்காகப் போனாள் என்பதையும் அவள் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைக்கு வராதே என்று சொல்லப் போனேன், சொல்லாமல் தப்பித்தோம் என்று சந்தோஷமாக வந்தேன் என்றாள். சொல்லி முடித்த பிறகு மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தாள். ஆகவில்லை.

"எத்தன தட்டு?" என்று கேட்டான்.

"ரெண்டு. அப்பறம் ஒண்ணு."

கின் ஃபாய் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அப்ப நான் திரும்பி நின்னிருக்க வேண்டாம்."

"வேண்டாம்."

அவன் தலையைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அறைந்திருந்தால்கூடத் தேவலை. இனி இந்த ஒருவனும் தனக்கு இல்லை என்று சோய் ஹாவுக்குத் தோன்றியது. அம்மாவுக்குப் பயந்து ஒன்றாக மூச்சடக்கியவர்கள் உலகத்தில் அவர்கள் இரண்டு பேர்தான்.

பாலம் தெரிந்ததும் முன்னிருக்கை ஊழியர் திரும்பினார்.

"பாலம் வருது. மூத்தவங்க கூப்பிட்டுச் சொல்லணும். இல்லன்னா அவங்க ஆவி இக்கரையிலயே நின்னுரும்."

சோய் ஹா பெட்டியின் பக்கம் குனிந்தாள். "அம்மா, பாலம் வருது," என்றாள். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. முப்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்குகிறவள். மறுபடி முயன்றாள், மறுபடியும் காற்று.

"கேக்காதும்மா," என்றார் அவர். "தூங்குறவங்கள எழுப்புறாப்ல, சத்தமாக் கூப்பிடுங்க."

வண்டி பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் தண்ணீர் வெயிலில் கூசியது. சோய் ஹா பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"அம்மா! எந்திரிம்மா! பாலம் வந்துருச்சு! எந்திரி!"

வண்டிக்குள் அந்தச் சத்தம் அடங்க இடமில்லாமல் மோதியது. ஓட்டுநர்கூட ஒரு கணம் கண்ணாடியில் பார்த்தார். கின் ஃபாயின் ஆள்காட்டி விரல் தானாக எழுந்து அவன் உதட்டுக்குக் குறுக்கே போய் நின்றது.

விரலை எடுக்காமலே அவன் அக்காவைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். அது நீளமான பாலம், இன்னும் பாதிக்கு மேல் இருந்தது.