பெருமாயி வீடு நகர்ந்த விதம்

அரியூர் நாட்டுக்குப் போகும் ரோட்டு வளைவில் இருந்த பெருமாயியின் வீடு மூன்று வருஷத்தில் பதினோரு அடி நகர்ந்து, பின்னாலிருந்த அண்ணாமலையின் மிளகுத் தோட்டத்துக்குள் வந்து நின்றது. தோட்டம் முடியும் இடத்தில் மலைப் பள்ளம். அதன் ரோட்டுப் பக்கச் சுவரில் கெட்டியாக எது முட்டினாலும் முட்டிய வேகத்திலேயே திரும்பிவிடும். சுவரில் கீறல்கூட விழாது. வளைவில் சறுக்கிய பைக்குகள் வந்த வழியே பின்னோக்கி ஓடின. ஊரார் இதைப் பெரிதாகப் பேசவில்லை. அண்ணாமலைக்கு மட்டும் பெருமாயி மேல் சந்தேகம். மகள் அருள்மொழியும் அவளுமாக உள்ளேயிருந்து தோள் கொடுத்துத் தள்ளி நிலத்தைப் பிடிக்கிறார்கள் என்று நினைத்தார். செம்மேட்டிலிருந்து வந்த சர்வேயர், எல்லைக்கல் இருந்த இடத்திலேதான் இருக்கிறது, வீடுதான் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அவர் பெருமாயி வீட்டில் காப்பி குடித்ததைப் பார்த்திருந்ததால் அண்ணாமலை அதையும் நம்பவில்லை.

நாற்பது நாள் மிளகுக் கொடிகளுக்குள் உட்கார்ந்து கவனித்தார். யாரும் தள்ளவில்லை. கடைசியில் தாமே ஒரு பலாக்காயைத் தூக்கிச் சுவரில் எறிந்தார். அது அதே வேகத்தில் திரும்பி வந்து அவர் நெஞ்சில் மோதி மல்லாத்தியது. எழுந்து போய் அளந்தால் வீடு நாலு விரல் நகர்ந்திருந்தது. அதே எடையில் குழைந்துபோன பழமொன்றை எறிந்தார். அது சப்பென்று சுவரில் ஒட்டிக்கொண்டது. வீடு ஒரு விரல்தான் நகர்ந்தது. ஒட்டுவது வந்த தள்ளலோடு நின்றுவிடுகிறது, திரும்புவது போகும்போதும் ஒரு உதை உதைத்துவிட்டுப் போகிறது என்று அவருக்கு விளங்கியது. பெருமாயி சந்தைக்குப் போன அன்று பகலில், சுவர் முழுக்க இரண்டு முழக் கனத்துக்கு ஈரக் களிமண்ணை அப்பிவிட்டார்.

அவள் திரும்பி வந்து பார்த்தாள்.

“ஏனுங்ணா, இத அப்புனது நீங்கதானுங்க? உள்ள என்ன வெச்சிருக்கீங்க?”

“ஒண்ணும் வெக்கல. சொரண்டாத பெருமாயி.”

சுரண்டாதே என்றதும் அவளுக்குச் செய்வினைதான் என்று உறுதியாகிவிட்டது. மறுநாள் காலை மண்வெட்டியோடு மூலையிலிருந்து ஆரம்பித்தாள். நாலு கூடை மண் வழித்தெடுத்து, தண்ணீர் குடிக்க உள்ளே போன நேரத்தில், மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி பிரேக் பிடிக்காமல் இறக்கத்தில் வந்து சுவரில் மோதியது. அண்ணாமலை கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. லாரியின் மூக்கு களிமண்ணில் புதைந்து அப்படியே ஒட்டிக்கொண்டது. வீடு லாரியையும் இழுத்துக்கொண்டு மிளகுக் கொடிகளைச் சாய்த்தபடி போய், பள்ளத்துக்கு இரண்டு அடி முன்னால் நின்றது. டிரைவர் நெற்றிக் காயத்தோடு இறங்கினார். அருள்மொழி வடித்துக்கொண்டிருந்த சோறு சிந்தவில்லை.

பெருமாயி பின்கதவைத் திறந்து கீழே எட்டிப் பார்த்தாள். பிறகு ஓடிவந்து நின்ற அண்ணாமலையிடம் திரும்பினாள்.

“லாரி முட்டித் திரும்பியிருந்தா?”

“ஊடு இந்நேரம் பள்ளத்துல கெடக்கும்.”

“அப்ப எங்களக் காப்பாத்தத்தான் அப்புனீங்களா?”

அண்ணாமலை சாய்ந்து கிடந்த கொடிகளைப் பார்த்தார்.

“இல்ல சாமி. எந் தோட்டத்தக் காப்பாத்த.”

அந்தப் பதிலுக்குப் பிறகு பெருமாயி அவரைச் சந்தேகப்படவில்லை. வீடு இன்றும் அவர் நிலத்தில்தான் இருக்கிறது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் வளைவில் வண்டியை நிறுத்தி, இந்த மாதம் வீடு எங்கே நிற்கிறது என்று பார்த்து, அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டுப் போகிறார்.