சாவில்லா வீட்டில் ஒப்பாரி

சவப்பெட்டியின் தலைமாட்டில் உட்காரப் போன யசோதினியின் தோளைக் கணவனின் அக்கா சீதேவிப்பிள்ளை பிடித்து நிறுத்தினாள்.

"நீ கால்மாட்டில இரி. தம்பிய எடுக்குமட்டும் நான்தான் இஞ்ச இரிப்பன்."

கூடத்துப் பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். யசோதினி தன் வீட்டிலேயே இடம் கேட்டு வந்தவள்போலச் சுதாகரனின் காலடியில் அமர்ந்தாள். முந்தாநாள் வவுணதீவு வயல் வட்டையில் பயிருக்கு மருந்தடித்துக்கொண்டு நின்றவன், நெஞ்சைப் பிடித்தபடி வரம்பில் சாய்ந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகுமுன்பே முடிந்துவிட்டது.

காரணம் வேறென்று, குருக்கள்மடத்திலிருந்து வந்திறங்கிய நேரம் முதல் சீதேவிப்பிள்ளை சொல்லிக்கொண்டிருந்தாள். யசோதினி பாடசாலையில் நாட்டார் பாடல் படிப்பிப்பவள். தாலாட்டும் வயற்பாட்டும் முடிந்து, போன மாதம் ஒப்பாரிப் பாடத்துக்கு வந்திருந்தாள். வகுப்பில் பாடிக்காட்ட வேண்டும் என்று வீட்டில் பாடிப் பழகினாள். சாவில்லாத வீட்டில் ஒப்பாரி வைத்தால் சாவு தேடி வரும் என்று ஊரில் நம்புகிறார்கள்.

"கூப்பிட்டாள், வந்திட்டு," என்றாள் சீதேவிப்பிள்ளை, எல்லோருக்கும் கேட்கும்படி.

"சும்மா இரிகா. செத்த வீட்டுல என்ன கதை இது?" என்றாள் பக்கத்து வீட்டு ஆச்சிப்பிள்ளை.

மாணவர்கள் வெள்ளைச் சீருடையில் மலர்வளையத்தோடு வந்து, உள்ளே வரலாமா என்று தெரியாமல் வாசலில் நின்றார்கள்.

"இந்தா, உன்ட புள்ளையளும் வந்திட்டுகள். இப்ப பாடன் டீச்சர். கேட்டுட்டு அதுகள் மார்க் போடட்டும்."

யசோதினி வாய் திறந்தாள். நினைவுக்கு வந்த ஒவ்வொரு வரியும் அவள் கரும்பலகையில் எழுதிய தலைப்போடு வந்தது: விளித்தல், புகழ்தல், விதியை நோதல். வாயை மூடிக்கொண்டாள்.

"பாத்தீங்களா?" சீதேவிப்பிள்ளை பெட்டியில் சாய்ந்து தானே தொடங்கினாள்.

"வண்டில் பூட்டி வயலுக்குப் போன என்ட ராசா..."

யாரோ சிரிப்பை மூக்கால் அடக்கினார்கள். சுதாகரனிடம் ஒருநாளும் வண்டில் இருந்ததில்லை. சீதேவிப்பிள்ளையின் குரல் அறுந்தது. கலியாணமாகிப் போன பிறகு தம்பியை நல்லது கெட்டதில் மட்டும் கண்டவள். அடுத்த வரிக்கு அவளிடம் ஒன்றுமில்லை.

"மோட்டசைக்கிள், மச்சாள்," என்றாள் யசோதினி. "நீல மோட்டசைக்கிள். உதைச்சு உதைச்சுத்தான் ஸ்டார்ட் ஆகும்."

சீதேவிப்பிள்ளை முறைத்தாள். பிறகு பாடினாள்.

"நீல மோட்டசைக்கிள உதைச்சு உதைச்சுப் போன ராசா..."

யாரும் சிரிக்கவில்லை.

"மறுகா?" என்று மூச்சு வாங்க அடுத்த வரிக்குக் கேட்டாள்.

"மருந்தடிச்சிட்டு வந்தா வாவியில குளிச்சிட்டுத்தான் வீட்டுக்குள்ள வருவார்."

அதையும் பாடினாள். "மறுகா?"

யசோதினி பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஒப்பாரி பழகக்குள்ள பக்கத்தில இருந்து கேட்டவர். 'இன்னும் இழுத்துப் பாடு, நான் செத்த மாதிரியே இல்ல' எண்டு சிரிச்சவர்."

ஆச்சிப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். சீதேவிப்பிள்ளை தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகி, சற்று நகர்ந்தாள்.

"இஞ்சால வா. அங்க இருந்து சொன்னாக் கேக்குதில்ல."

பெட்டியை மூட மூடியைத் தூக்கி வந்த ஆண்கள் இருவர் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தார்கள். மூடியை ஓசைப்படாமல் சுவரில் சாத்திவிட்டு, மாணவர்களோடு வாசலில் நின்றார்கள்.