ஆள் நுழைவு: இல்லை

காலை ஒன்பது மணி. வட ரஷ்யாவின் பெச்சோராவில் அப்போதுதான் விடிகிறது. பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொரு டிகிரி. ஏழாம் எண் எண்ணெய்த் தொட்டியை ஒட்டிய வெப்ப அறையில் திரைக்கு முன்னால், தொட்டிக்குள் கசடு அள்ளும் ரோபோவை ஓட்டும் லிடா. சுருட்டிய குழாயின்மேல் சவேலி. அடுப்பில் முதுகை ஒட்டிக்கொண்டு கவ்ரிலா. சாய்வுள்ள ஒரே நாற்காலியில் மேலாளர் வதீம் எத்வார்தவிச். தொட்டியை வெளியே நின்று மட்டுமே மோந்தவர்.

கட்டையாக விறைத்த குழாய்களை நீராவியில் இளக்கித் தோளில் இழுத்து மூவரும் ரோபோவில் பூட்டிவிட்டு வந்திருந்தார்கள். பத்தே நிமிடத்தில் ரோபோ மெழுகுக் கசடில் மாட்டிக்கொண்டது.

குளிர் கூடினால் அப்படித்தான். கடப்பாரையோடு ஆள் இறங்கி மீட்க வேண்டும். லிடா எழுதும் பதிவேட்டில் மட்டும் 'ஆள் நுழைவு: இல்லை'. அதைக் காட்டித்தான், நச்சு வேலைக்குச் சட்டப்படி வந்த அரை லிட்டர் பாலை வதீம் நிறுத்தினார். உள்ளே ஆளே போகாதபோது பால் யாருக்கு என்று கேட்டார். போன வியாழன் இவர்களோடு வேலை பார்த்த ரினாத் உள்ளே நச்சுக்காற்றில் மயங்கி விழுந்தான். பண்டிகைக்கும் குடிக்காத அவன், வெளியே போதையில் வழுக்கினான் என்று அறிக்கை போனது. அவனுக்கு வேலையும் போனது. ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அறிக்கையில் லிடாவின் கையெழுத்து.

"சவேலி, இறங்கு. பத்து நிமிஷ வேலை," என்றார் வதீம்.

லிடா பதிவேட்டை வதீமிடம் தள்ளினாள். "இறங்கச் சொன்னேன்னு எழுதிக் குடுங்க, வதீம் எத்வார்தவிச்."

"என்னம்மா புதுசா? ஆள் இறங்குறதில்லன்னு கம்பெனியே சொல்லுது. நான் எப்படி எழுதுறது?"

"அப்ப இறங்கல," என்றான் சவேலி.

"ரோபோவ யார் எடுப்பா?"

"உங்க விளம்பரப் படத்துல தானா வெளிய வருதே," என்றான் கவ்ரிலா. "வரலேன்னா பாலக் காட்டிக் கூப்பிடுங்க."

வதீம் ஒன்பதாம் தொட்டி ஆட்களை வரவழைத்தார். நால்வர் வந்தார்கள். விஷயம் கேட்டார்கள். அவர்களில் மூத்த ஸ்தெபான், எங்களுக்கும் அதே மாதிரி எழுதித் தரவேண்டும் என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். மற்ற மூவரும் உட்கார்ந்தார்கள். திங்கள் முதல் ஒருவருக்கும் வேலையில்லை என்று கத்திவிட்டு வதீம் சூடான காருக்குப் போனார். ரோபோ கசடிலேயே கிடந்தது.

லிடா தொழிலாளர் ஆய்வாளருக்குக் கடிதம் எழுதினாள். தான் எழுதிய பதினோரு பொய்களையும் தேதிவாரியாக முதலில் வைத்தாள். ரினாத் விழுந்த இடத்தை அதன்பின் எழுதினாள். ஏழு பேரும் கையெழுத்திட்டார்கள்.

தபால் நிலையத்துக்கும் ஏழு பேருமே போனார்கள்.

"அனுப்புறவங்க பேரு?" என்றாள் எழுத்தர்.

லிடா ஏழு பெயர்களையும் சொன்னாள்.

"கட்டத்துல ஒரு பேருதான் கொள்ளும்."

"பின்னாடி இடம் இருக்குங்க."

எழுத்தர் முணுமுணுத்தபடி உறையைத் திருப்பி, ஏழையும் எழுதி, ஒட்டி, ஓங்கி முத்திரை குத்தினாள்.