சிமெண்டுக்காரர் வீட்டுச் சுவர்

மாப்பிள்ளை சுவரில் காதை வைத்து, டாக்டர் நெஞ்சைத் தட்டுவதுபோல இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தார். கீழ்ப்பாதியில் தட்டிய இடமெல்லாம் உள்ளே பொந்து விழுந்ததுபோலச் சத்தம் கேட்டது. பக்கத்தில் நின்ற மாமியார் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். கெட்டுப்போன இந்தச் சுவரைத்தானே அவள் இத்தனை மழைக்காலமாக அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

கடலைப் பார்த்த கட்டடம் அது. வீடென்று கட்டியதல்ல. பாய்மரக் கப்பல் காலத்தில் கயிறும் பாயும் அடுக்கிவைத்த கிடங்கு. செங்கல்லும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் வைத்து எழுப்பிய சுவர். ஜன்னல் குழியில் ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்காரலாம், அத்தனை தடிமன். தலைக்கு மேலே, உடைத்த கப்பலிலிருந்து எடுத்த உத்தரங்கள், பழைய ஆணித் துளைகளோடு. மாடி வாசலுக்கு மேல் மூட்டை இழுத்த இரும்புக் கொக்கி இன்னும் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதில் அவள் துணிக்கொடி கட்டியிருந்தாள். கப்பல் வருவது நின்றதும் கிடங்கைத் தடுத்துத் தடுத்து வீடுகளாக்கினார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் புதுக் கட்டடங்களுக்குப் போய்விட்டார்கள். இவள் கணவர்தான் அசையவில்லை.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறுவருஷம் அடித்த புயலில் சுண்ணாம்புப் பூச்சு அங்கங்கே உதிர்ந்தது. "கடல்காத்துக்கு இந்த மாவு தாங்குமா?" என்று, கொத்தனாரைக்கூட அண்டவிடாமல், தன் கையாலேயே சுவர் முழுக்கச் சிமெண்டு பூசினார். முகம் பார்க்கலாம்போல அப்படி ஒரு வழவழப்பு. தெருவே வந்து பார்த்தது. அன்றிலிருந்து அவருக்குச் சிமெண்டுக்காரர் என்று பேர். வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். மனுஷர் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

பழைய கட்டடங்களைப் பழுது பார்ப்பதுதான் மாப்பிள்ளையின் தொழில். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அத்தை, சுண்ணாம்புச் சுவர் ஈரத்த இழுக்கும், வெளியவும் விட்டுடும். பூச்சு உதிர்ந்தா திரும்பப் பூசிக்கலாம். மாமா சிமெண்ட வச்சு அது வாய அடைச்சுட்டார். உப்புத்தண்ணி உள்ளயே நின்னு செங்கல்லத் தின்னுது. உத்தரத்தோட நுனி மக்கிப்போச்சு. மழைக்கு முன்னாடி பூச்ச முழுக்க எடுத்தாகணும். இல்லன்னா கூரை இறங்கிடும். நீங்க ரெண்டு பேரும் படுக்கறது இதுக்குக் கீழதான்."

"அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்களேன்."

"நானா? நல்லாருக்கே. எனக்கு இந்த வீட்ல இன்னும் சோறு வேணும் அத்தை."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் அடங்கியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததைப் பிடித்தவரிடமே எப்படிச் சொல்வது? வேலை விட்டபின் மனுஷர் வாய்விட்டுச் சிரித்ததே இந்தப் பூச்சைத் தடவிப் பார்க்கும்போதுதான். பாவம், எவ்வளவு ஆசையாகப் பூசினார்.

பால் வாங்கப் போயிருந்த சிமெண்டுக்காரர் உள்ளே வந்தார். அலமாரி நகர்ந்திருந்தது. அதன் பின்னால் சுவர் கறுத்து, உப்புப் பூத்துக் கிடந்தது.

"அலமாரிய யாரு நகர்த்தினது?"

"நான்தான். அங்க கொண்டுபோய் வச்சதும் நான்தான். நீங்க பாத்தா மனசு ஒடிஞ்சுருவீங்கன்னு மறைச்சேன்" என்றாள். "உங்க பூச்சு நல்ல பூச்சுங்க. ஒரு சொட்டுத் தண்ணியக்கூட வெளிய விடல. அதாங்க வினை."

மாப்பிள்ளை உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிமெண்டுக்காரர் பால் பாத்திரத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, சுவர் அருகே போய் முகர்ந்து பார்த்தார். பிறகு உள்ளறைக்குப் போனார். சாமான்கள் உருளும் சத்தம் கேட்டது. சுத்தியலும் உளியுமாக வந்தார்.

"மாப்பிள்ளை, மேலேருந்து எடுக்கணுமா, கீழேருந்தா?"

"மேலேருந்து மாமா. மெதுவா. ஆள் வச்சு எடுத்துக்கலாமே."

"நான் பூசினது. நானே எடுக்கறேன்."

ஸ்டூலைப் போட்டு ஏறி அடித்தார். அசையவில்லை. இன்னும் ஓங்கி அடித்தார். "பாத்தியா, எப்பிடிப் பிடிச்சிருக்கு" என்றார் அவளிடம்.

அடுத்த அடியில் ஒரு பெரிய சில்லு பெயர்ந்து விழுந்தது. உள்ளே செங்கல் நீர் கோத்து, கிளிஞ்சல் துணுக்குகளோடு பளபளத்தது. அவர் அதில் உள்ளங்கையை வைத்தார். தண்ணீர் மணிக்கட்டு வழியாக இறங்கியது.

அவள் பால் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். ஜன்னலைத் திறந்துவிட்டாள். விழுந்த சில்லை எடுத்து முந்தானையால் துடைத்து, வழவழப்பான பக்கம் தெரியும்படி, ஜன்னல் குழியில் சாய்த்து வைத்தாள். சிமெண்டுக்காரர் ஒருமுறை திரும்பி அதைப் பார்த்தார். பிறகு உளியை அடுத்த இடத்தில் வைத்தார்.