பெயர் சொல்லாத பச்சிலை

கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் இடையே ஜெயந்தினி நடந்துகொண்டேயிருந்தாள்.

"நிக்கமாட்டியா புள்ள? ஒன்னப் பாத்து எனக்கே கால் வலிக்குது," என்றான் அவள் கணவன் சதீஸ்குமார். கண் மஞ்சளாகி, வயிறு உப்பிக் கிடந்தாலும் கேலி குறையவில்லை.

பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து டாக்டர் சத்தியபாமா ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார். குடிப்பழக்கமில்லை, கிருமியுமில்லை. ஈரல் எப்படிக் கெட்டது?

"நாட்டு மருந்து ஏதும் குடுத்தனீங்களோ?"

"இல்லீங்க டாக்டர்."

பொய். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் இவன் உடம்பெல்லாம் சொறிந்து புண்ணாகிக் கிடந்தபோது, அவளுடைய மாமா அழகர்தான் அந்தப் பச்சிலையைக் காட்டினார். வாய் பேசாமல் பறிக்க வேண்டும். பெயரை வெளியே சொன்னால் குடித்தவனையே திருப்பி அடிக்கும் என்றார். சொறி ஆறியது. வயிறு வீங்கியபோது மருந்து போதவில்லை என்று நினைத்து இருவேளையாக்கினாள். இப்போதும் அவள் பையிலிருந்த பிளாஸ்க்கில் அந்தக் கஷாயம் சூடாக இருந்தது.

"நாங்கள் வயித்துத் தண்ணியைக் குறைக்கக் குறைக்கத் திரும்பவும் ஏறுது," என்றார் டாக்டர். "ஏதோ ஒண்டு இன்னும் உள்ளுக்குப் போகுது. என்னெண்டு தெரியாமல் நான் என்னத்தைச் செய்ய, பிள்ளை?"

ஜெயந்தினி கணவனைப் பார்த்தாள். அவன் மெதுவாகச் சொன்னான்: "ஒன்னயத் திட்டுவாங்கன்னுதான் நானும் வாயத் தொறக்கல. சொல்லிரு."

அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிடியை விட்டால் அந்த நொடியே போய்விடுவான் போலிருந்தது.

"கிலுகிலுப்பைங்க டாக்டர். எலைய அவிச்சுக் குடுத்தேன். இங்கயும் குடுத்தேன்."

டாக்டர் திட்டவில்லை. பிளாஸ்க்கைச் சோதனைக்கு வாங்கிக்கொண்டார். "அது ஈரலுக்குள்ள இருக்கிற சின்ன ரத்தக்குழாயளை அடைச்சுப்போடும்."

"பொழைச்சுருவாருங்களா?"

"இனி ஒரு சொட்டும் போகக்கூடாது. ஈரல் தேறுதோ எண்டு பாப்பம். இப்ப வாக்குத் தர ஏலாது."

அவள் வராந்தாவுக்கு ஓடிப்போய் அழகருக்குப் போன் போட்டு, டாக்டரிடம் சொன்னதைச் சொன்னாள்.

"பேரச் சொல்லிட்டியா?" என்று பதறினார் அவர். "ஒன் புருசன் உசுரு, புள்ள!"

"அவரு உசுர அந்த எலதான் மாமா குடிக்குது. வேற யாருக்காச்சும் குடுத்தீங்களா?"

மறுமுனையில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"மாமா!"

"மேல் லயத்து ரெங்கம்மாவுக்கு... கைச் சொறிக்கு. இந்நேரம் அடுப்புல வச்சிருப்பா."

"ஓடுங்க மாமா! தூரத்துலேர்ந்தே பேரச் சொல்லிக் கத்துங்க, லயமே கேக்கட்டும்!"

அவர் செருப்பில்லாமல் ஓடும் மூச்சிரைப்பு போனில் கேட்டது. அவளும் வராந்தாவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே, இணைப்பைத் துண்டிக்காமல் காத்திருந்தாள்.